மூன்றாவது குதிரை

சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை என்று சொன்னால், "அது யாரை ஜெயிச்சிருக்கு?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பெரிய ஆட்டக்காரர் யாரையும் ஜெயித்ததில்லை. என் புரோகிராம்களிடம் நான் எதிர்பார்த்தது வேறு. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆடுகிறவருக்குத் தோன்ற வேண்டும். ஆசைப்படுகிற, கோபப்படுகிற, பிடித்த காயை இழந்தால் கொஞ்ச நேரம் மனசு சரியில்லாமல் ஆடுகிற மனுஷர். என் உத்தியோக வாழ்க்கை முழுக்க இதற்கே போயிற்று. அதன் ஆரம்பம் செஞ்சியில், என் பெற்றோர் வீட்டின் நடு அறையில், கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திய ஒரு கட்டிலில்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பது ஆகவில்லை. சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில், மற்ற கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராம்கள் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, "பிரசவம் வரைக்கும் படுக்கைதான். பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சென்னையில் என் கணவர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் ஒரு வாடகைக் காரில், பின்சீட்டில் படுத்தபடியே, செஞ்சிக்கு வந்து சேர்ந்தேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். காலையில் வல்லம் பக்கம் களத்துமேடுகளுக்குப் போனால் மதியம் சட்டைப் பையெல்லாம் மல்லாட்டைத் தோலோடு வருவார். அம்மா சமையலறைக்கும் என் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் வீடு. கால் பக்கம் உயர்ந்திருந்ததால் எனக்கு உலகமே கொஞ்சம் சாய்ந்து தெரிந்தது. ஜன்னலில் ராஜகிரி மலையின் மேல்பாதி மட்டும், அதுவும் ஒரு பக்கமாகச் சரிந்து.

இரண்டாவது வாரம் என் கணவர் ஒரு போர்வை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அது. பார்ப்பதற்கு வெறும் விசைப்பலகை மாதிரி இருக்கும். டி.வி.யில் இணைத்தால் எழுத்து தெரியும். எழுதிய புரோகிராமைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் கேசட்டில் பதிந்து வைக்க வேண்டும். அதோடு எங்கள் சதுரங்கப் பலகையையும் கொண்டுவந்திருந்தார்.

"சும்மா படுத்திருந்தா கண்டதையும் நெனச்சுக்கிட்டிருப்ப" என்றார். "ஏதாவது எழுது."

நான் கண்டதையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் லேசாக ஒரு இழுப்பு வந்தாலும் மூச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். அவர் டி.வி.யை என் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, ஒயர்களை மாட்டிக்கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா அந்த வாரம்தான் வந்தாள். தொளதொளவென்று இரண்டு நைட்டி தைக்க அளவெடுப்பதற்காக அம்மா கூப்பிட்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். தலைமுறை தலைமுறையாக ஜவுளி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். அக்கா என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். கல்யாணமாகி, கணவர் சவுதிக்குப் போய்விட, அம்மா வீட்டோடு வந்துவிட்டவள். குழந்தை இல்லை. தெருப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ஜாக்கெட் தைப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவளோடு அதிகம் பேசியதில்லை.

அளவு டேப்பை என் தோளில் வைத்தவள், கட்டிலோரத்தில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இது யாருது?"

"எங்க வீட்டுக்காரருது. ஞாயித்துக்கிழமை வந்தா ஆடுவோம்."

"எனக்கும் ஆடத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் டேப்பைச் சுருட்டினாள். "அண்ணனுங்க ஆடறத பாத்துப் பாத்து கத்துக்கிட்டது. ஆள் கொறஞ்சா என்னக் கூப்புடுவாங்க."

மறுநாள் மதியம் கொக்கி தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளோடு வந்தாள். பலகையைக் கட்டிலில் வைத்தோம். கட்டில் சாய்ந்திருந்ததால் காய்கள் எல்லாம் என் பக்கம் வழுக்கி வந்தன. அவள் வீட்டுக்குப் போய் வெட்டுத்துணிகளைக் கொண்டுவந்து, மடித்து மடித்துப் பலகைக்குக் கீழே செருகி, மேலே ஒரு குண்டூசிப் பெட்டியை வைத்துப் பார்த்தாள். நகரவில்லை. "ஆடு" என்றாள்.

அப்படித்தான் எங்கள் மதியங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்திலேயே நான் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியதற்குச் சண்டை வந்தது. செஞ்சியில் சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும். ராஜாவுக்கு ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவ உரிமை உண்டு. "ஒரு சிப்பாய் எப்படிமா மொத அடியிலேயே ரெண்டு கட்டம் ஓடுவான்? இன்னா அவசரம் அவனுக்கு?" என்றாள். நான் அவள் வழிக்கு வந்தேன்.

அவள் ஆட்டம் அழகாக இருக்கும். குதிரைகள் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். ஒரு குதிரைக்குப் பதில் யானையே கிடைத்தாலும் கொடுக்க மாட்டாள். இரண்டு குதிரையும் மெதுவாக முன்னேறி என் ராஜாவைச் சுற்றி வளைக்கும். பின்னாலேயே ராணி வரும். இன்னும் ஒரு காய் எடுத்து வைத்தால் எனக்கு வழியே இல்லை என்ற இடத்தில் அவள் கை நிற்கும். பிறகு ராணியை இழுத்துத் தன் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிடுவாள். அந்த ஒரு வாய்ப்பில் நான் பிழைத்து, பெரும்பாலும் ஜெயித்தும் விடுவேன். அவளுக்கு வருத்தம் இருக்காது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "இன்னொண்ணு ஆடலாமா?" என்பாள். நோன்பு மாதத்தில் மட்டும் ஆட்டம் மாறும். மதியத்துக்கு மேல் நாக்கு வறண்ட நிலையில் படபடவென்று ஆடுவாள்; எதிரே எது கிடைத்தாலும் வெட்டுவாள்.

காலை நேரங்களில் நான் புரோகிராம் எழுதினேன். இடது பக்கமாகவே படுத்திருக்க வேண்டும் என்பதால் ஒற்றைக் கையால் தட்டினேன். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த இடம் மிகச் சின்னது. பலகையை, காய்கள் நகரும் விதிகளை, எந்தக் காய்க்கு என்ன மதிப்பு என்பதை எல்லாம் அதற்குள் திணிக்க வேண்டும். முதல் வடிவம் முடிந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவைத்தான் முதலில் ஆடச் சொன்னேன்.

அவள் ஒரு காயைச் சொல்வாள், நான் தட்டுவேன். கம்ப்யூட்டர் யோசிக்கும். அவள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி எல்லாம் தைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் பதில் வந்திருக்கும். ஆட்டம் பாதியில் நின்றது.

"வேணாம்மா" என்றாள்.

"ஏன்கா? நல்லாத்தானே ஆடுது?"

"நல்லாத்தான் ஆடுது. ஆனா நான் இன்னா பண்ணாலும் அதுக்கு ஒண்ணுதான். நான் ராணிய குடுத்தாலும் சந்தோஷம் இல்ல, அதோட ராணிய எடுத்தாலும் துக்கம் இல்ல. செவுத்துக்கு எதுர்ல பந்து போடற மாதிரி இருக்குது."

என் கணவர் கேட்டிருந்தால், வேகம் போதவில்லை, ஆழமாக யோசிக்கவில்லை என்று சொல்லியிருப்பார். அக்காவின் குறை எனக்குப் புதிதாக இருந்தது. அதைச் சரிசெய்ய முடியுமா என்று யோசித்தேன். வேறு எதையும் யோசிக்க விருப்பமில்லாத நாட்கள் அவை. வயிறு வளர்ந்துகொண்டிருந்தது. முந்தைய இரண்டு முறையும் தவறிய மாதங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

முதலில் சுலபமான வழியில் போனேன். அவ்வப்போது குத்துமதிப்பாக ஒரு தப்பான காயை நகர்த்தும்படி எழுதினேன். மனுஷர் தப்பு செய்வார்கள், இதுவும் செய்யட்டும் என்று. அக்கா அதோடு ஆடினாள். நல்லபடி ஆடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திடீரென்று தன் யானையைக் கொண்டுவந்து அவள் சிப்பாயின் முன்னால் வைத்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மனுஷன் இப்புடியா தப்பு பண்ணுவான்? ஜொரம் வந்தவன் ஒளர்ற மாதிரி இருக்குது."

நானும் சிரித்தேன். வயிறு குலுங்கப் பயந்து, பாதிச் சிரிப்பு.

அதன் பிறகு அவள் ஆடுவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கே பார்க்கிறாள், எதை மறக்கிறாள் என்று. காய்கள் மோதிக்கொண்டிருக்கும் மூலையிலேயே அவள் கண் இருக்கும். எதிர் மூலையில் நான் எப்போதோ கொண்டுபோய் வைத்த மந்திரி அவள் நினைவிலேயே இருக்காது. ஒரு குதிரை போய்விட்டால் அடுத்த மூன்று நான்கு காய்களுக்கு அவசரம்; பிறகு அடங்கிவிடுவாள். மனுஷத் தப்பு என்பது கண் போகிற இடத்திலிருந்தும் மனசு போகிற இடத்திலிருந்தும் வருகிறது என்று புரிந்தது. கம்ப்யூட்டருக்கும் ஒரு கண் கொடுத்தேன். கடைசியாகச் சண்டை நடந்த இடத்தை நன்றாகப் பார். தூரத்தில் இருப்பதை மேலோட்டமாகப் பார். குதிரைக்கு மதிப்பைக் கூட்டினேன். அது போனால் கொஞ்ச நேரம் வெட்டுவதில் ஆசை அதிகமாகும்படி எழுதினேன். ராணிக்கு ஆபத்து வரலாம் என்ற வாடை அடித்தாலே பின்வாங்கச் சொன்னேன். சிப்பாய் ஒரு கட்டம்தான் நகர்ந்தது.

இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆயிற்று. நடுவில் கரண்ட் போகும். பதிந்து வைக்காத அன்றைய வேலை முழுவதும் காணாமல் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவே டி.வி.யில் பாட்டு பார்க்க வந்துவிடும். கம்ப்யூட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்த குழந்தைகளோடு நானும் சாய்ந்தபடி பாட்டுப் பார்ப்பேன். முந்தைய முறை தவறிய மாதம் அந்தக் குழப்பத்தில் கடந்து போயிருந்தது. அம்மா காலண்டரைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

புது வடிவத்தோடு அக்கா ஆடிய மதியம் நன்றாக நினைவிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தையலைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய மந்திரி ஒரு குதிரையை வெட்டியபோது, கம்ப்யூட்டர் பதிலுக்குச் சரசரவென்று இரண்டு சிப்பாய்களை வெட்டியது. "ஆங், ரோஷம் வந்துடுச்சு பாரு" என்றாள், டி.வி.யைப் பார்த்து. அதனோடே பேச ஆரம்பித்துவிட்டாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சந்தோஷத்தை அடக்கிக்கொண்டேன்.

ஆட்டம் அவளுக்கு எதிராகப் போனது. கம்ப்யூட்டரிடம் மிச்சமிருந்த குதிரையும் ராணியும் அவள் ராஜாவை நெருங்கின. அவள் உதடு அசைய எண்ணிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் யோசித்து, ராணியைப் பின்னால் இழுத்துத் தன் வீட்டில் வைத்தது.

"இது ஏன் பின்னால போவுது?" என்றாள். "முன்னால வந்திருந்தா நான் செத்தேன்."

இன்னும் சில காய்களுக்குப் பிறகு ராணி மறுபடி முன்னேறியது. மறுபடி நின்றது. மறுபடி வீட்டுக்குத் திரும்பியது.

அக்கா வெகுநேரம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நானு" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. ஒரு மனுஷர் எப்படி ஆடுவார் என்று எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த மனுஷ ஆட்டம் அவளுடையது ஒன்றுதான். ஒவ்வொரு மதியமும் எதிரே இருந்தவள் அவள்.

"நான் இவ்ளோ பயந்தா ஆடறேன்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"பயம்னு இல்லக்கா. ஜாக்கிரதை."

"ஜாக்கிரதைன்னா ஒரு தடவ திரும்பலாம்." ஜாக்கெட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அம்மா தேடுவாங்க. வரேன்."

அடுத்த சில நாட்கள் அவள் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிற்கும், ஓடும். அம்மா போய் விசாரித்துவிட்டு வந்து, "ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. வேல நெறைய இருக்குதாம்" என்றாள். நான் கம்ப்யூட்டரைப் போடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். குழந்தை உதைத்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நினைவுக்கு வந்த ஆள் அக்காதான்.

அவளே வந்தாள். கையில் மூடிபோட்ட கிண்ணத்தில் சேமியாப் பாயசம். எங்கள் வீட்டுக்கென்று தனிப் பாத்திரத்தில், முந்திரியும் திராட்சையும் மட்டும் போட்டு அவள் தனியாகச் செய்வது. உட்கார்ந்ததும், "அத போடு" என்றாள்.

"எத?"

"டி.வி.க்குள்ள இருக்குற என்னை."

ஆடினோம். இந்த முறை அவளுடைய குதிரைகள் முன்னேறின, ராணி பின்னால் வந்தது. வழக்கமாகத் தயங்கும் இடத்தில் அவள் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராணியை இன்னும் ஒரு கட்டம் முன்னால் வைக்கச் சொன்னாள். அந்த ஆட்டத்தில் அவள் தோற்றுப்போனாள். தூரத்து மூலையிலிருந்த மந்திரியைக் கவனிக்காததால் ராணி அநியாயமாக வெட்டுப்பட்டது. ஆனால் அவள் முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்து, நாலு மாடி ஏறி வந்தவள் மாதிரி இருந்தாள். "நாளைக்கு வரேன்" என்றாள். வந்தாள். அதன் பிறகு தினமும் வந்தாள்.

அவளுக்குக் கடைவீதியில் ஒரு தையற்கடை போட ஆசை இருந்ததும், அண்ணனிடம் ஒரு முறை சொல்லத் தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டதும் அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. நம்ம வீட்டுப் பொம்பளைங்க பஜாரில் உட்காருவதா என்று அண்ணன் கேட்பார் என்று அவளே பதிலையும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல்கள் உயர்ந்து கேட்டன. அவள் குரலும் இருந்தது. மறுநாள் அம்மாதான் கேட்டாள்.

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"மாட்டேன்னு சொன்னாரு. நான் சரின்னு சொல்லல. அவ்ளோதான்" என்றாள்.

கம்ப்யூட்டரோடு ஆடியதால்தான் இந்தத் தைரியம் வந்ததா என்று நான் பின்னொரு நாள் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?" என்று சின்னச் சிரிப்போடு நூலைக் கடித்துவிட்டாள். எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் இங்கே எழுத மாட்டேன்.

டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கையில், ஒரு மதியம், ஆட்டத்தின் நடுவில் எனக்கு இடுப்பில் வலி ஆரம்பித்தது. முதல் வலியை நான் மறைத்தேன். இரண்டாவது வலியில் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டாள். நைனா ஓடிப்போய் மல்லாட்டை ஏலம் நடக்கும் மார்க்கெட் கமிட்டியில் பழக்கமான ஒரு வியாபாரியின் அம்பாசிடர் காரைக் கூட்டிவந்தார். நைனா முன்னால் உட்கார, பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். கால் அம்மா மடியில், தலை அக்கா மடியில். அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறியபோது காலில் செருப்பு இல்லை. யாரும் அவளை வரச் சொல்லவில்லை; வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்கு உயிர் போயிற்று. இதுவும் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"என் குதிரைய முன்னால வெச்சிட்டேன்" என்றாள் அக்கா, குனிந்து. "நீ ஆடு."

"அக்கா…"

"ஆடு. பலகைய மனசுல வெச்சுக்க. எடது பக்கம் குதிரை. நீ இன்னா பண்ற?"

நான் ஒரு சிப்பாயைச் சொன்னேன். அவள் அடுத்த காயைச் சொன்னாள். வலி வரும்போது நிறுத்துவாள். நெற்றியில் வைத்த கையை எடுக்க மாட்டாள். வலி விட்டதும், "உன் ஆட்டம்தான்" என்பாள். கொஞ்ச நேரத்தில் எந்தக் காய் எங்கே இருக்கிறது என்று எனக்குக் குழம்பிவிட்டது. அவளுக்கும்தான். ஆனாலும் விடவில்லை.

"குதிரையால உன் மந்திரிய வெட்டிட்டேன்."

"எந்தக் குதிரை?" என்றேன். "ரெண்டையும்தான் நான் வெட்டிட்டேனே."

"மூணாவது குதிரை."

"மூணாவது குதிரை ஏதுக்கா?"

"மயிலம் தாண்டறப்போ ஏறிக்கிச்சு."

முன்சீட்டில் நைனாவின் தோள் குலுங்கியது. அவர் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். அம்மா என் பாதங்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அக்காவிடம் ஐந்து குதிரைகள் சேர்ந்திருந்தன. என் ராஜா எங்கேயோ தொலைந்துபோயிருந்தார்.

பெண் குழந்தை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது என்று சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை. என் கணவர் சென்னையிலிருந்து வந்து சேரும் வரையிலும், அதற்குப் பிறகும், அக்காதான் அந்த அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூக்கு உங்க நைனா மூக்கு. ரொம்ப கோவமா இருக்குது. கைய மூடி வெச்சிக்கிணு யாரையோ குத்தப் போவுது."

"உயிரோட இருக்குதா, அக்கா? நெஜமா சொல்லு."

"செத்த கொழந்தைக்குக் கோவம் வருமா?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவ்வளவு நேரம் வராத அழுகை அதைப் பார்த்து வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்கள்.

மகள் பிழைத்தாள். சின்னதாகவே வளர்ந்தாள், கோபம் மட்டும் குறையவில்லை.

சென்னைக்குத் திரும்பிய பிறகு என் ஆபீஸில் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். முதலாளி பார்த்துவிட்டு, சம்பளக் கணக்கு எப்போது தயாராகும் என்று கேட்டார். சிங்கப்பூரிலிருந்த கொழுந்தனார்தான் வேறு வழி திறந்துவிட்டார். வெளிநாட்டில் ஒரு பொம்மைக் கம்பெனி, கட்டங்களில் சின்னச் சின்ன விளக்குகள் எரியும் சதுரங்கப் பலகைகள் செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் சென்னைக்கு வந்தபோது என் புரோகிராமோடு ஆடினார். பாதியில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ஒரு மெஷின் மேல் தனக்கு எரிச்சல் வருவது இதுதான் முதல் தடவை என்றார். எனக்கு வேலை கிடைத்தது. குழந்தையை ஒரு பக்கம் தூங்கவைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதினேன்.

அவர்களுக்கு ஒரு பெட்டிக்குள் பல விதமான ஆட்டக்காரர்கள் வேண்டும். யாரோடு ஆடுவது என்று வாங்குகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினேன். சிப்பாயைக் காட்டினால் யோசிக்காமல் எடுத்துவிடும் என் கணவரின் ஆசை ஒரு ஆட்டக்காரருக்குப் போயிற்று. சதுரங்கமே ஆடாத நைனாவிடமிருந்தும் எடுத்தேன்: எதிராளி அலுத்துப்போய் விலையைச் சொல்லும் வரை பேசாமல் உட்கார்ந்திருக்கும் வியாபாரிப் பொறுமை. ஆனால் ஒரே மனுஷரை முழுசாக எடுத்து ஒரு பெட்டிக்குள் வைக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஒருவரின் ஆசையையும் இன்னொருவரின் மறதியையும் கலந்துவிடுவேன். அக்கா டி.வி.யைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை அதற்குக் காரணம்.

இன்னொன்றும் அவளால்தான் புரிந்தது. தன் ஆட்டத்தை வெளியே ஒரு தரம் பார்த்துவிட்ட மனுஷர் அதற்குப் பிறகு அப்படி ஆடுவதில்லை. நான் எழுதிய எந்தப் புரோகிராமுக்கும் அதை என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. இன்று எத்தனையோ கெட்டிக்காரப் புரோகிராம்கள் வந்துவிட்டன. நானும் முயற்சியை விடவில்லை.

எண்பதுகள் முடியும் தறுவாயில், முதல் பலகை கடைக்கு வந்தபோது, ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மகளோடு செஞ்சிக்குப் போனேன். அக்காவின் கடை திருவண்ணாமலை ரோட்டில் இருந்தது. அண்ணன் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு அவரே பெயர்ப் பலகைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தாராம். உள்ளே மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் கணவரும் திரும்பி வந்திருந்தார். வாசலில் நின்று துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பலகையை வாங்கிப் பார்த்தாள். "சிப்பாய் ரெண்டு கட்டம் ஓடறானா?"

"வெளிநாட்டுக்காரங்களுக்காகச் செஞ்சது, அக்கா. ஓடுவான்."

"ஓடட்டும்" என்றாள்.

வெட்டுமேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு ஆட உட்கார்ந்தாள். இருப்பதிலேயே சாதுவான ஆட்டக்காரரை அவளுக்கு வைத்துக்கொடுத்தேன். அவள் ராணி எடுத்த எடுப்பிலேயே வெளியே வந்தது. கட்டங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிக்கொண்டே போயின. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, குழந்தையின் தலையைத் தடவுவது போல் பலகையின் ஓரத்தைத் தடவினாள்.

"பாவம். யாராச்சும் இதுக்குக் கொஞ்சம் தெம்பு சொல்லணும்."

அதற்குள் யாரோ ஜாக்கெட் வாங்க வந்தார்கள். அவள் எழுந்து போய்ப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், பலகையை மறந்துவிட்டாள். அவள் கண் என் மகள் மேல் போயிருந்தது. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, மகளை வெட்டுமேசை மேல் ஏற்றி நிற்க வைத்தாள். மகள் யாரையும் எளிதில் தொட விடமாட்டாள். அன்று விறைப்பாக, கைகளை விரித்துக்கொண்டு, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூச்ச விடு கண்ணு" என்றாள் அக்கா. "இல்லன்னா சட்ட டைட்டாயிடும்."